எல்லாம் எனர்ஜிதான் என்றால் பில் யாருக்கு?

"எல்லாமே எனர்ஜிதான் ப்ரோ."

சமீப வருடங்களில் நான் அதிகமாகக் கேட்ட தத்துவ வாக்கியம் இதுதான். தியான வகுப்பு எடுப்பவர் சொல்கிறார். 'நினைத்ததெல்லாம் நடக்கும்' என்று கட்டணம் வாங்கிக்கொண்டு உறுதி தரும் பயிற்சியாளர் சொல்கிறார். கவிதை எழுதும் நண்பர் தன் தொகுப்பின் முன்னுரையில் குவாண்டத்தையும் பிரபஞ்சப் பேராற்றலையும் சேர்த்துப் பிசைந்து வைக்கிறார். முதலீட்டாளர் மாநாட்டுக்கென்று அச்சடித்த வழவழப்பான கையேடும் இதையேதான் வேறு பாஷையில் சொல்கிறது: வெயில், காற்று, கடல், ஹைட்ரஜன் எல்லாம் ஒரே ஆற்றலின் வடிவங்கள், ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொண்டால் போதும், நாடு சுபிட்சம். கேட்கிறவர் தலையாட்டுகிறார். ஐன்ஸ்டைனே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?

நான் தூத்துக்குடிக்காரன். ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் உப்பளம், நடுவே நிலக்கரி இறங்கும் துறைமுகம். கயத்தாறுப் பக்கம் போனால் காற்றாலைகள், தெற்கே போனால் கூடங்குளம். 'ஆற்றலின் வடிவங்கள்' என்ற பாடத்துக்கு எங்கள் ஊர்ப் பையனுக்குப் புத்தகத்தில் படம் தேவையில்லை. பாதிப் பாடம் மொட்டைமாடியிலிருந்தே தெரியும். அதனால்தான் இந்த வாக்கியம் எனக்குக் கூடுதலாக எரிச்சலூட்டுகிறது.

அது பொய் என்று சொல்ல வரவில்லை. இயற்பியல் உண்மையிலேயே ஆற்றலின் வடிவங்களை ஒன்றாக்கியிருக்கிறது. ஆனால் எப்படி ஒன்றாக்கியது, அதற்கு என்ன விலை கொடுத்தது, ஒன்றாக்கிய கையோடு என்ன எச்சரிக்கையை எழுதிவைத்தது என்ற மூன்றையும் விட்டுவிட்டுச் சொல்லப்படும் 'எல்லாம் ஒன்றே' பாதி உண்மைதான். வரவை மட்டும் வாசித்துவிட்டுச் செலவுப் பக்கத்தை மூடிவைக்கிற கணக்குப்பிள்ளையின் பாதி.

1

1840. 'ஜாவா' என்ற டச்சுக் கப்பல் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போகிறது. தூத்துக்குடி டச்சுக்காரர்களின் கையைவிட்டுப் போய் அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. கப்பலின் வைத்தியர் ஜூலியஸ் ராபர்ட் மேயர் என்ற ஜெர்மன் இளைஞர். சுரபாயாவில் நோயுற்ற மாலுமிகளுக்கு அந்தக் கால வழக்கப்படி கையில் கீறி ரத்தம் எடுக்கிறார். சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக வர வேண்டும். வந்ததோ பளிச்சென்ற சிவப்பு. தவறித் தமனியைக் கீறிவிட்டோமோ என்று திகைத்துப்போனார். வெப்ப நாட்டில் இப்படித்தான் இருக்கும் என்றார்கள் அங்கிருந்த வைத்தியர்கள்.

அவர்களுக்கு அது பழகிய விஷயம். மேயருக்கு அது ஒரு கேள்வி. குளிர் நாட்டில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள நிறைய எரிக்கிறது. இங்கே வெளியிலேயே சூடு இருப்பதால் குறைவாக எரித்தால் போதும், அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் என்று அவர் ஊகித்தார். அங்கிருந்துதான் அவருடைய பெரிய தாவல். சாப்பிட்டது எரிந்து உடம்பின் சூடாகிறது. அதே சாப்பாடுதான் நங்கூரம் இழுக்கிற உழைப்பாகவும் ஆகிறது. இரண்டுக்கும் முதல் ஒன்றே என்றால், சூட்டுக்கும் உழைப்புக்கும் நடுவே மாறாத ஒரு மாற்று விகிதம் இருந்தாக வேண்டும்.

'எல்லாம் ஒன்றே' என்று மேயர் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். விகிதம் எவ்வளவு என்று தேடினார். 1841இல் அனுப்பிய முதல் கட்டுரையை ஒரு முக்கியமான இதழ் வெளியிடவே இல்லை. 1842இல் வேறொரு இதழில் வந்தது. அதே காலத்தில் மான்செஸ்டரில், மதுவடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல், எடைக்கல்லைக் கீழே இறங்கவிட்டு, அது தண்ணீருக்குள் துடுப்பைச் சுற்ற, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று வருடக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார். ஒரு டிகிரியின் சின்னஞ்சிறு பகுதிகளுக்காக அப்படிப் பாடுபட்டார். கடைசியில் கிடைத்தது ஓர் எண். இன்றைய அலகில், ஒரு கலோரிக்கு ஏறத்தாழ 4.2 ஜூல்.

ஆற்றல் ஒன்றே என்பதற்கு இயற்பியலில் முதல் அர்த்தம் இதுதான். ரூபாயும் டாலரும் 'ஒன்று' என்று சொல்ல நமக்கு உள்ள ஒரே ஆதாரம் மாற்று விகிதம். விகிதத்தைச் சொல்லாமல் எல்லாப் பணமும் ஒன்றே என்று ஒருவன் சொன்னால், அவன் உங்கள் பர்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

'உங்கள் நேர்மறை ஆற்றலைக் கூட்டுங்கள்' என்கிறவரிடம் மரியாதையாகவே கேளுங்கள். எத்தனை ஜூல் சார்?

2

இதில் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847இல் இந்தக் கணக்கை முழுமையாக எழுதியபோது அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல், விசையையும் குறிக்கும், நாம் இப்போது ஆற்றல் என்பதையும் குறிக்கும். தள்ளுகிற விசைக்கும், தள்ளியதால் செலவான ஆற்றலுக்கும் ஒரே சொல். இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர வில்லியம் தாம்சன், ராங்கின் போன்றவர்கள் 1850களில் 'எனர்ஜி' என்ற சொல்லைப் பிடித்து நிலைநிறுத்தினார்கள். தாமஸ் யங் 1807இலேயே அதை எழுதியிருந்தாலும் அதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆக, ஒருமையைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் செய்த வேலை ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்ததுதான். பிரிக்காமல் சேர்க்க முடியவில்லை.

நம் பாடப்புத்தகங்களும் இந்தப் பிரிவினையை ஒழுங்காகச் செய்திருக்கின்றன. விசை வேறு, ஆற்றல் வேறு, திறன் வேறு. இலங்கைப் பாடநூல்களில் ஆற்றலைச் சக்தி என்றும் திறனை வலு என்றும் எழுதுவார்கள். அதுவும் சரிதான், பிரித்து வைத்திருக்கிறார்கள் இல்லையா? சிக்கல் தெருவில் வருகிறது. மின்சக்தி, அணுசக்தி, மனசக்தி, 'உடம்புல சக்தியே இல்ல டாக்டர்', ஆதிசக்தி. ஒரே சொல்லின் மேல் ஏறிக்கொண்டு அணு உலையிலிருந்து அம்மன் சந்நிதி வரை இறங்காமல் பயணம் செய்யலாம். அப்படிப் பயணம் செய்கிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது, பரிசோதகரும் கிடையாது.

அம்மன் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. சக்தியைக் கும்பிடுகிறவர்கள் அதை ஜூலில் அளக்கச் சொல்லவில்லை. இயற்பியலின் சான்றிதழ் அவர்களுக்குத் தேவையும் இல்லை. அந்தச் சான்றிதழைப் போலியாக அச்சடித்து விற்கிறவர்கள் மேல்தான் புகார்.

கவிதை எழுதும் நண்பனிடம் இதைச் சொன்னபோது, "ஏல, கவிதைக்கு எதுக்குல கணக்கு? உருவகம்தானே?" என்றான். உருவகம் என்றால் சரி மக்கா, தாராளமா எழுது. நிலவை அப்பளம் என்று எழுதலாம். ஆனால் 'இதை வானியலும் உறுதி செய்கிறது' என்று அடிக்குறிப்பு போடக் கூடாது. போட்டால், எண்ணெய் காய வைத்துக் காத்திருப்பவன் கேள்வி கேட்பான்.

3

சரி, ஐன்ஸ்டைனுக்கு வருவோம். நிறையும் ஆற்றலும் ஒன்றுதான் என்ற சமன்பாடு டீ-ஷர்ட் வரை வந்துவிட்டது. அதை எங்கள் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிராம் எடையுள்ள முத்து. அதன் நிறை முழுவதும் ஆற்றலாக மாறினால் வருவது சுமார் 2.5 கோடி யூனிட் மின்சாரம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, மொத்தம் 1050 மெகாவாட். ஐந்தும் ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே 2.5 கோடி யூனிட்தான். ஒரு முத்துக்கு ஓர் அனல்மின் நிலையத்தின் ஒரு நாள்.

இந்த இடத்தில் பயிற்சியாளர் துள்ளி எழுவார். 'பாத்தீங்களா, உங்களுக்குள்ள எவ்வளவு சக்தி தூங்குது!'

தூங்கவில்லை. பூட்டியிருக்கிறது. முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதன் எடை கிட்டத்தட்ட முழுவதும் புரோட்டான்களும் நியூட்ரான்களும். இந்தத் துகள்களின் மொத்த எண்ணிக்கை இதுவரை பார்த்த எந்த வினையிலும் மாறியதில்லை. ஆற்றலுக்கு ஒரு கணக்குப் புத்தகம் இருப்பது போல இதற்கும் தனியாக ஒன்று உண்டு. மின்னூட்டத்துக்கு ஒன்று, உந்தத்துக்கு ஒன்று. எல்லாப் புத்தகமும் ஒரே நேரத்தில் டேலி ஆனால்தான் இயற்கையில் ஒரு காரியம் நடக்கும். 'ஆற்றல்' புத்தகத்தை மட்டும் தூக்கிக் காட்டி 'இருப்பு இருக்கு, எடுத்துக்கோங்க' என்பது, வேறொருவர் பேரில் உள்ள வங்கிக் கணக்கின் இருப்பைக் காட்டிக் கடன் கேட்பது மாதிரி. நம் அனல்மின் நிலையம் முழுத் திறனில் ஓட ஒரு நாளைக்கு இந்திய நிலக்கரி 16,000 டன் அளவுக்கு வேண்டும். அவ்வளவும் எரிந்து, ஆற்றலாக வெளியேறிய நிறையைத் தேடினால் சுமார் மூன்று கிராம். மிச்சம் அத்தனையும் சாம்பலாகவும் புகையாகவும் எடை குறையாமல் அப்படியே இருக்கிறது.

அந்தப் பூட்டை உடைக்க இயற்பியலாளர்களே ஆசைப்பட்டார்கள் என்பதுதான் கதையின் சுவாரஸ்யமான பகுதி. ஆற்றலின் வடிவங்களை ஒன்றாக்கியது 19ஆம் நூற்றாண்டின் வேலை. விசைகளை ஒன்றாக்குவது வேறு வேலை. மாக்ஸ்வெல் 1865இல் மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒளியையும் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். கிளாஷோ, வெயின்பெர்க், அப்துஸ் சலாம் மூவரும் மின்காந்த விசையையும் அணுக்கருவின் மெல்விசையையும் சேர்த்ததற்காக 1979இல் நோபல் பரிசு பெற்றார்கள். எங்கள் ஊர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியதும் அதே வருடம்தான். அடுத்த படியாக வல்விசையையும் சேர்த்துவிடலாம் என்று 1974இலேயே ஜார்ஜையும் கிளாஷோவும் ஓர் அழகான கோட்பாட்டை எழுதியிருந்தார்கள். அழகுக்கு ஒரு விலை இருந்தது. அது சரியென்றால் புரோட்டான் என்றைக்காவது ஒருநாள் சிதைந்தாக வேண்டும்.

எங்கே போய்ப் பார்த்தார்கள் தெரியுமா? கோலார் தங்க வயலில். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி வேலை பார்த்த அதே சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் 1980களில் டன் கணக்கில் இரும்பை அடுக்கிவைத்து, ஒரு புரோட்டானாவது உடைகிறதா என்று காத்திருந்தார்கள். உடைந்தது போலச் சில தடயங்கள் தெரிந்ததாகவும் அறிவித்தார்கள். மற்ற நாடுகளில் இன்னும் பெரிய கருவிகளோடு காத்திருந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் தென்படவில்லை. இன்றைய நிலவரப்படி, கோட்பாடு முக்கியமாக எதிர்பார்த்த அந்தச் சிதைவுக்குப் புரோட்டானின் ஆயுள், 1க்குப் பின்னால் 34 சைபர் போட்ட வருடங்களுக்கும் மேல். அந்த அழகான கோட்பாட்டின் எளிய வடிவம் அடிபட்டுப் போனது.

நான் மரியாதை வைத்திருக்கும் ஒருமை இது. தோற்கத் தயாராக இருக்கும் ஒருமை. 'என் கூற்று தவறென்றால் இந்தச் சுரங்கத்தில் தெரிந்துவிடும்' என்று தன்னையே பணயம் வைத்தது, தோற்றது, ஒப்புக்கொண்டது. யூடியூபில் விற்கப்படும் ஒருமைக்கு எந்தச் சுரங்கத்திலும் ஆபத்து கிடையாது. என்ன நடந்தாலும் அது சரிதான். நடந்தால் ஆற்றல் வேலை செய்தது, நடக்காவிட்டால் நீங்கள் சரியாக நம்பவில்லை.

இன்னொரு வாட்ஸ்அப் வாதம் உண்டு. 'ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஆகவே ஆன்மா அழியாது.' முதல் பாதி ஏன் உண்மை என்பதை 1918இல் எம்மி நோதர் காட்டினார். பெண் என்பதால் சம்பளமுள்ள வேலைகூடத் தரப்படாத கணிதவியலாளர் அவர். இயற்கையின் விதிகள் நேற்று எப்படியோ இன்றும் அப்படியே இருந்தால், அந்த மாறாமையின் விளைவாக மாறாத ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்குப் பெயர்தான் ஆற்றல். எங்கோ ஊற்றிவைத்த திரவம் மாதிரி ஒரு பொருள் கிடையாது அது. விதிகள் காலத்தோடு மாறுவதில்லை என்பதற்கான ரசீது. விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சம் முழுமைக்கும் அந்த ரசீதுகூடச் செல்லாது. ஆதியில் புறப்பட்ட ஒளியின் அலைநீளம் இன்றைக்கு ஆயிரம் மடங்குக்கும் மேல் இழுபட்டு, அதன் ஆற்றல் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. குறைந்தது எங்கே போனது என்று கேட்டால், வரவு வைக்க ஒரு பக்கமே இல்லை. ஆன்மாவை இந்த ஆணியில் மாட்டுகிறவர்கள் ஆணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்திருக்கலாம்.

4

இப்போது அந்த எச்சரிக்கைக்கு வருகிறேன். உப்பளத்திலிருந்து தொடங்குவது சுலபம்.

கடல்நீரில் உப்புகள் சுமார் 3.5 சதவீதம். அதில் முக்கால் பங்குக்கு மேல் நாம் சாப்பிடும் உப்பு. ஒரு கிலோ உப்பு எடுக்க 35 கிலோ அளவுக்குத் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல். பெருக்கிப் பாருங்கள், 84 மெகாஜூல், அதாவது 23 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டும் நாலு கிலோ உப்புக்குத்தான் காணும். அவ்வளவு வெயிலையும் காற்றையும் வாங்கிக்கொண்டு விளையும் உப்புப் பாக்கெட்டின் பின்னால் என்ன போட்டிருக்கிறான்? ஆற்றல்: 0 கலோரி.

அந்த 23 யூனிட் எங்கே? ஒரு ஜூல்கூட அழியவில்லை. நீராவியாக மேலே போய், எங்கோ மேகமாகக் குளிர்ந்து, காற்றைக் கொஞ்சம் சூடாக்கி, கடைசியில் விண்வெளிக்குக் கசிந்துவிட்டது. முதல் விதிப்படி கணக்கு சுத்தம். ஆனால் அதைத் திரும்பப் பிடித்து ஒரு பல்பு எரிக்க முடியுமா? முடியாது. ஆறாயிரம் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான சூரியப் பரப்பிலிருந்து வந்த ஆற்றல், முப்பது டிகிரி வெக்கையாகச் சிதறிவிட்டது. அளவு அதேதான், தரம் போய்விட்டது.

இதுதான் இரண்டாம் விதி. கார்னோ 1824இல் தொட்டது, கிளாசியஸ் 1850இல் எழுதியது, 1865இல் என்ட்ரோபி என்று பெயர் வைத்தது. ஆற்றல் ஒன்றே என்று முதல் விதி சொன்ன அதே தலைமுறையே, சில வருடங்களுக்குள், 'ஆனால் எல்லா ஜூலும் ஒரே மாதிரி கிடையாது' என்று பக்கத்திலேயே எழுதிவைத்தது. முதல் விதியை மட்டும் படித்துக் காட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்டுவதில்லை.

அனல்மின் நிலையத்தைப் பாருங்கள். எரிந்த நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சம் இரண்டு பங்கு குளிர்விக்கும் கடல்நீரோடும் புகைபோக்கி வழியாகவும் போகிறது. பொறியாளர்களின் சோம்பேறித்தனமில்லை இது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இயந்திரமும், சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் பிழைக்கிறது. கொஞ்சத்தைக் கொட்டியே ஆக வேண்டும். கொட்டுகிற இடம் எங்கள் கடல்.

'கடலில் இவ்வளவு வெப்பம் இருக்கே, அதையே மின்சாரமாக்கலாமே' என்று கேட்கலாம். கேட்டார்கள், முயன்றும் பார்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் தூத்துக்குடிக் கடலில் நிறுத்தத் திட்டமிட்ட மிதவை நிலையத்தின் பெயர் 'சாகர் சக்தி'. திறன் ஒரு மெகாவாட். கடலின் மேல்பரப்பு 28, 29 டிகிரி, ஆயிரம் மீட்டர் ஆழத்தில் 7, 8 டிகிரி. இந்த இருபது டிகிரி வித்தியாசத்தில் ஓடும் இயந்திரத்துக்குக் கார்னோ விதிக்கும் உச்சவரம்பு சுமார் 7 சதவீதம். நடைமுறையில் பாதிகூடத் தேறாது. அந்தக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரவே ஒரு கிலோமீட்டர் நீளக் குழாய் வேண்டும். ஓடும் பம்புகள் விளைந்த மின்சாரத்தில் கணிசமான பங்கைத் தின்னும். அந்தக் குழாயை இறக்கி நிலைநிறுத்துவதில்தான் திட்டம் முறிந்தது. மிதவை பிறகு 2007இல் சென்னைக் கடலில் குடிநீராக்கும் சோதனைக்குப் போனது. முயன்றவர்களை நான் கேலி செய்யவில்லை. எவ்வளவு சிரமம் என்று தெரிந்தே இறங்கியவர்கள் அவர்கள். 'கடல் முழுக்க ஆற்றல்' என்ற வாக்கியத்துக்கும் ஒரு பல்புக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் குழாய் இருக்கிறது என்பதை எங்கள் கடல் அறியும் என்றுதான் சொல்கிறேன்.

முத்துக்கும் இதே கதைதான். முத்தும் அதே கடற்கரையில் சுண்ணாம்புக்காக எரிக்கப்படும் சிப்பி ஓடும் பெரும்பாலும் ஒரே பொருள். ஜூல் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. ஒளியை மடக்கித் தரும் மெல்லிய அடுக்குகளின் ஒழுங்கு மட்டும் வேறு. காளவாசலில் போட்டால் இரண்டும் ஒரே சுண்ணாம்பு. நாம் நேசிப்பதெல்லாம், ஒரு முகம், ஒரு குரல், ஒரு வரி, இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. ஆற்றல் அழியாது என்பது செத்தவரின் வீட்டாருக்கு ஆறுதலே கிடையாது. அழிந்தது ஆற்றல் இல்லையே. கவிஞர்களே, உங்களுக்கான விதி இரண்டாம் விதி. முதல் விதியை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

5

இது வெறும் இயற்பியல் வகுப்புத் திருத்தம் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 'எல்லாம் ஒன்றே' என்பதற்கு ஊரில் ஒரு பயன்பாடு இருக்கிறது. உடம்புகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட அது உதவுகிறது.

முத்துக்குளிப்பவரின் ஒரு மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் நிறையக் காற்று, அதில் ஒரு லிட்டர் அளவுக்கு ஆக்சிஜன். ஒரு லிட்டர் ஆக்சிஜன் உடம்பில் எரிந்தால் சுமார் 20 கிலோஜூல். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு அரைமணி நேரம் எரியும் ஆற்றல். கணக்கில் அது காசு பெறாது. ஆனால் பாரில், தண்ணீருக்கடியில், அந்த மூச்சுக்குப் பதிலாக எந்த யூனிட்டையும் கடன் வாங்க முடியாது. தலைக்கு மேல் இருக்கும் கடல் அத்தனையும் வெப்ப ஆற்றல்தான். அதில் ஒரு சிட்டிகைகூட அவருக்கு உதவாது.

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதைச் சொல்கிறது. முத்தின் விலையில் அந்த மூச்சுக்கு எவ்வளவு ஒதுக்கியிருப்பார்கள்? தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை, கழுத்தில் முத்து அணிந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

வ.உ.சி.யை நினைத்துப் பாருங்கள். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர். நீராவி என்றால் என்ன, அது யார் கையில் இருந்தால் யார் பிழைப்பார்கள் என்று புரிந்துவைத்திருந்தவர். 1908இல் அவரைச் சிறைக்கு அனுப்பி, கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள். நீராவியை ஆண்ட ஆளை மாடாக்கினார்கள். நாள் முழுக்க உழைக்கும் ஒரு மனிதன் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 75 வாட். எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். ஜூல் கணக்கில் வ.உ.சி. ஒரு நாள் செக்கிழுத்தது இன்றைக்குச் சில ரூபாய்க் காசு. நமக்கு வீட்டுக்கு வரும் இலவச 100 யூனிட் அவருடைய ஐந்தரை மாதம். ஆற்றல் புத்தகத்தைப் பொறுத்தவரை அவர் இழுத்ததும், ஒரு மாடு இழுத்ததும், ஒரு மோட்டார் சுற்றியதும் ஒன்றே. வெள்ளைக்காரனுக்கும் அது தெரியும். எண்ணெய்க்காக அவரைப் பூட்டவில்லை. உடம்பு வேறு, இயந்திரம் வேறு என்று நன்றாகத் தெரிந்ததால்தான் அது தண்டனை.

இப்போது வழவழக் கையேட்டுக்கு வாருங்கள். துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடித் திட்டம் வந்திருக்கிறது. நல்ல விஷயமாகவே இருக்கட்டும். ஆனால் கணக்கைக் கேட்போம். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவில் இருப்பது 33 யூனிட். அதை எரிகலத்தில் திரும்ப மின்சாரமாக்கினால் கைக்கு வருவது 17 யூனிட் அளவு. மூன்றில் ஒன்று. உருக்காலைக்கும் உரத்துக்கும் கப்பலுக்கும் ஹைட்ரஜன்தான் வழி என்றால் அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்கலாம். தெரிந்தே என்பதுதான் முக்கியம். 'வடிவம்தான் மாறுகிறது, ஆற்றல் ஒன்றே' என்று சொல்லிவிட்டால் அந்த நஷ்டம் பேச்சிலிருந்தே மறைந்துவிடுகிறது.

நிலக்கரியின் ஒரு யூனிட்டும் காற்றாலையின் ஒரு யூனிட்டும் மீட்டரில் ஒன்றே. மீட்டருக்குச் சாம்பல் தெரியாது. இந்திய நிலக்கரியில் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை சாம்பலாகத்தான் மிஞ்சுகிறது. உப்பளத்தில் காலில் கண்ணாடிச் சில்லு மாதிரி உப்பு குத்த, கண் கூச நிற்கும் பெண்ணின் வெயிலும் சோலார் பேனலின் வெயிலும் சூரியனிடமிருந்து வருவது ஒன்றாகத்தான். "வெயில் சும்மா கெடைக்குதுலா" என்று உப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. சும்மா கிடைப்பது வெயில். அதில் நிற்பது சும்மா கிடைப்பதில்லை.

ஆற்றல்களை ஒன்றாக்கிய மனிதர் அதை ஒரு மாலுமியின் கையிலிருந்து வழிந்த ரத்தத்தில்தான் பார்த்தார் என்பதை மறக்க வேண்டாம். நூற்றாண்டுக் கணக்கான கணிதத்துக்கு அடியில் ஒரு தொழிலாளியின் உடம்பு இருக்கிறது. அந்த உடம்பை அழித்துவிட்டு ஒருமையை மட்டும் எடுத்துக்கொள்வது திருட்டு.

ஆகவே இளம் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை யாராவது உங்களிடம் எனர்ஜி என்று ஆரம்பித்தால், அது மேடையோ ரீல்ஸோ கவிதை நூல் வெளியீடோ முதலீட்டு மாநாடோ, மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை ஜூல்? எதிலிருந்து எதுவாக மாறியது? மிச்சத்தை எங்கே, யார் வாசலில் கொட்டினீர்கள்?

முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மூன்றாவது கேள்விக்கும் உட்கார்ந்து பதில் சொல்கிறவரிடம் பேசிக்கொண்டிருக்கலாம்.